பத்துக் கட்டைவிரல்

ஒரே ஒரு நாள்தான் இன்டர்நெட்டை நிறுத்தி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். அதற்கு என் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, நான் ஏதோ அப்பாவைக் கிணற்றில் தள்ளிவிட்டு வந்தவள் மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யார் யாரைத் தள்ளினார்கள் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை மருந்துக் கடையில். சீட்டை வாங்கி, அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து, எதை எப்போது போட வேண்டும் என்று கவரின் மேல் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். என் போன் கவுண்டருக்கு அடியில் கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது. எல்லாம் எங்கள் குடும்பக் குரூப். அண்ணன் மகள் புதுக் கண்ணாடி வாங்கப் போகிறாளாம், வட்டமா சதுரமா என்று ஊரே கூடி விவாதம் பண்ணிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டே ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையில் இரண்டு மடங்கு வீரியமுள்ளதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, அந்த அம்மா வாசலிலேயே அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சும்மா வரவில்லை.

"கண்ணு எங்கம்மா இருக்கு உனக்கு? போன்லயா? நான் போய்ச் சேர்ந்தா அதையும் அதுலதான் பார்த்துத் தெரிஞ்சுக்குவியா?"

முதலாளி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று முழுக்க எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் சாயங்காலம் குரூப்பில் எழுதினேன். "நாளைக்கு ஒரு நாள் நெட்டை நிறுத்தி வைக்கிறேன். குரூப்பைப் பார்க்க மாட்டேன். அவசரம்னா போன் பண்ணுங்க, போன் வேலை செய்யும்." வரிசையாகக் கட்டைவிரல் படம் விழுந்தது. அத்தை மட்டும் ஒருபடி மேலே போய் "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று போட்டு, பக்கத்தில் கேக் படமும் வைத்திருந்தாள். என் பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா ஒருத்தர்தான் படித்துப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்: "நல்லது. கண்ணுக்கு ஓய்வு கொடு."

இந்தக் குரூப் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போனபிறகு அப்பா தனியாகத்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். யார் வீட்டுக்கும் வரமாட்டேன், என் வீடு எனக்குப் போதும் என்று ஒரே பிடிவாதம். அண்ணன் உடனே ஒரு குரூப்பை ஆரம்பித்தான். தானே அதற்கு அட்மின் ஆகி, ஒரு சட்டமும் போட்டான். காலையில் எழுந்ததும் அப்பா ஒரு மெசேஜ் போட வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் அதன் கீழே ஒரு கட்டைவிரல் போட வேண்டும். "அப்பா நல்லா இருக்கார்னு நமக்குத் தெரிஞ்சிடும். நாம பார்த்துட்டோம்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிடும். சிம்பிள்!" சொந்தக்காரர்கள் எங்கே கூடினாலும் இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வான். அன்றிலிருந்து மனசுக்குள் நான் அவனை அட்மின் என்றுதான் கூப்பிடுகிறேன்.

அப்பா பஸ் ஓட்டியவர். பின்னாலிருந்து கண்டக்டர் கையைக் காட்டினால்தான் வண்டியை எடுப்பார். காட்டாவிட்டால் யார் என்ன கத்தினாலும் எடுக்க மாட்டார். காட்டிவிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார். "பின்னாடி என்னன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் சரின்னா சரி" என்பார். அந்தப் பழக்கத்தில் அண்ணனின் சட்டத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டார். விடிந்ததும், தந்தி அடிக்கிற மாதிரி, சுத்தமான தமிழில் ஒரு மெசேஜ் வந்துவிடும். "எழுந்துவிட்டேன். மாத்திரை சாப்பிட்டேன். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள்." இன்னொரு நாள், "எழுந்துவிட்டேன். மாத்திரை சாப்பிட்டேன். சாவியைத் தேடினேன், பையிலேயே இருந்தது." முதல் வார்த்தையைத் தாண்டி எவனும் படித்ததாகத் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் தவறாமல் விழும். நான் சாவி எந்தப் பையில் இருந்தது என்று கேட்பேன். கேட்டால் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டை அணைத்துவிட்டுப் போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கை சும்மா இருக்குமா? காபி கலக்கும்போது தேடியது, பல் தேய்க்கும்போது தேடியது. பையே இல்லாத நைட்டியில் எங்கே போய்த் தடவுகிறாய் என்று என் கையை நானே திட்டினேன். மேசைக்கு எதிரில் என் வீட்டுக்காரர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போனில் மூழ்கியிருந்தார்.

"என்ன சாமியாரம்மா, தவம் எப்படிப் போகுது?"

"உங்க வேலையைப் பாருங்க. அப்பா மெசேஜ் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. எழுந்துட்டாராம். நான் விரலும் போட்டுட்டேன்." நிமிராமலேயே சொன்னார். போன் மேல் விழுந்த ரொட்டித் துகளை ஊதித் தள்ளினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பாவி, அந்த நிம்மதியோடு நான் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தேன். குளியலறைத் தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மொட்டை மாடியில் திரைகளைக் காயப்போட்டுவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன். சும்மா நிற்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் அப்பாதான். கீழே வந்து போன் பண்ணினேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பா போன் அடித்தால் தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுக்கிற ஆள். மறுபடி பண்ணினேன். மறுபடியும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "தூங்குவாரு, காலையிலதான் மெசேஜ் போட்டாரே" என்றார். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. உடுத்தியிருந்ததை மாற்றிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை, வழியில் வந்த டாக்சியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினேன்.

அப்பா வீட்டுக் கதவு தாழ் போடாமல் இருந்தது. தள்ளினேன், பாதிதான் திறந்தது. பின்னால் ஏதோ தடுத்தது. அது அப்பாவின் கால்.

சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டியிருந்தார். ஒரு கை உள்ளே போயிருந்தது, இன்னொரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செருப்பு ஜோடியாக எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஏதோ சொன்னார், குழறலாக வந்தது. வலது கையில் போன் இருந்தது. நான் அடித்தபோது, இந்தக் குழறலோடு எப்படிப் பேசுவது என்று எடுக்காமல் விட்டிருக்க வேண்டும்.

முதலில் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். அப்புறம் அவர் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தேன். குரூப்தான் திறந்திருந்தது.

"எழுந்துவிட்டேன். இடது கையைத் தூக்க முடியவில்லை. வாய் கோணுகிறது. யாராவது வரவும்."

அதன் கீழே கட்டைவிரல், பத்து. அதைத் தொட்டால் யார் யார் என்று வரும், தொட்டேன். அண்ணன், அண்ணி, அவர்கள் மகன், மகள். என் தங்கச்சி, அவள் வீட்டுக்காரர். சித்தப்பா, அத்தை, அத்தை மகன். கடைசியில் என் வீட்டுக்காரர். காலையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டே போட்ட விரல். குரூப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். அப்பாவையும் என்னையும் கழித்தால் ஒரு ஆள் பாக்கியில்லை.

அதன் கீழே அத்தை மகன் ஒரு குரங்கு வீடியோ போட்டிருந்தான். அதற்குச் சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு. அதற்கும் கீழே சதுரக் கண்ணாடியே எடுத்தாகிவிட்டது என்ற செய்தி.

அப்பா ஏன் யாருக்கும் போன் பண்ணவில்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பத்துப் பேர் கையைக் காட்டிவிட்டார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வருகிறவர்கள் கதவை உடைக்க வேண்டாம் என்று தாழை நீக்கிவிட்டு, செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். காலையிலிருந்து. எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்ததைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அது அப்பாவின் போன் என்பதால் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். மெசேஜைக் காட்டினேன். நேரத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்மா. அந்த நேரம் தாண்டிப் போச்சு. உயிருக்கு பயமில்ல. கை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

அட்மின் வந்தான். கூடவே அண்ணி, பின்னால் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும். அப்பா எப்படி இருக்கிறார் என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? கேட்கவில்லை.

"உன்னை யாரு நெட்டை ஆஃப் பண்ணச் சொன்னது? அறிவிருக்கா? நீதானே எப்பவும் அப்பா எழுதறதைப் படிப்ப? நீ படிப்பேன்னுதானே நாங்கல்லாம்..."

"நீங்கல்லாம்? சொல்லி முடிண்ணா."

நான் அப்பாவின் போனை எடுத்து அந்த மெசேஜைச் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் படித்தேன்.

"யாராவது வரவும்னு எழுதியிருக்கார். நீ விரலைத் தூக்கிக் காட்டியிருக்க. உன் பொண்டாட்டி காட்டியிருக்கா. இதோ நிக்கிறாளே இவ, இவளும் காட்டியிருக்கா."

"எனக்குத் திரையில முதல் வரிதான் தெரிஞ்சுது" என்றான் அண்ணன்.

"அதுக்குக் கீழ குரங்கு ஆடினது முழுசா தெரிஞ்சுதா?"

"அக்கா, இங்க வேணாம்க்கா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று தங்கச்சி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"பார்க்கட்டும்டி! பார்க்கறதுல நம்ம குடும்பத்தை மிஞ்ச ஆளே கிடையாது."

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் என்னை முறைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல் தள்ளிப்போய் ஜன்னல் பக்கம் நின்று போனை எடுத்தான். ஆபீஸ் வேலை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அப்பா இரண்டு நாளில் கொஞ்சம் தெளிந்தார். பேச்சு குழறியது, ஆனால் பொறுமையாகக் கேட்டால் புரிந்தது. நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்கப்பா கட்டைவிரல், கட்டைவிரல்னு சொல்லிட்டே இருக்காரு. டாக்டர் ரெண்டு கைக் கட்டைவிரலையும் கிள்ளிப் பார்த்தாச்சு. வலி இல்லைங்கறாரு. திரும்பவும் கட்டைவிரல்ங்கறாரு."

அது எந்தக் கட்டைவிரல் என்று எனக்குத் தெரியும். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஏன்ப்பா போன் பண்ணல? போன் வேலை செய்யும்னு எழுதியிருந்தேனே?"

"உனக்கு... ஓய்வு நாள். அதான்... பத்துப் பேர்... சரின்னாங்களே."

அதற்கு மேல் அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய ஒரே கவலை வீடு. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று வருகிற போகிற எல்லாரையும் கேட்டார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கை கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். புத்தி தெளிவா இருந்தா, துணைக்கு ஒரு ஆளை வச்சுக்கிட்டு அவர் வீட்டிலேயே இருக்கலாம். குழப்பம் இருந்தா தனி வீடு வேண்டாம். வியாழக்கிழமை உட்கார்ந்து பேசிப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

அண்ணன் அதற்குள் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருந்தான். ஊருக்கு வெளியே, சுற்றிலும் மதில், ஒரு அறையில் மூன்று பேர்.

"நல்ல இடம். நர்ஸ் இருக்காங்க, வேளாவேளைக்குச் சாப்பாடு. வைஃபைகூட இருக்கு" என்றான்.

"அப்ப நீ போய் இரு" என்றேன்.

"நீ எல்லாத்துக்கும் குதிக்காத. அவருக்கு மூளை குழம்பிப் போச்சு. விரல் விரல்னு உளர்றாரே, பார்த்தியா இல்லையா?"

அவன் சொன்னது எனக்கு அப்போது சரியாக உறைக்கவில்லை. உளறலா? விரலைப் போட்டவனே உளறல் என்கிறானே, கோபத்தில் ஏதோ பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். ஏதோ வம்பு வருகிறது என்று தெரிந்தது.

"ஏம்மா, ஒரு சின்ன சந்தேகம். இந்த விரலை எப்படித் திரும்ப எடுக்கறது?"

"எந்த விரலை?"

"அதான், மாமா மெசேஜ்ல போட்டது. எல்லாரும் எடுத்துட்டாங்க. என்னோடது மட்டும் தனியா நிக்குது. அசிங்கமா இருக்கு."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் போனைப் பிடுங்கினேன். அப்பாவின் மெசேஜ் இருந்தது. கீழே ஒரே ஒரு கட்டைவிரல், இவருடையது. மற்ற ஒன்பதும் துடைத்துவிட்ட மாதிரி காணோம். எடுத்ததற்குக்கூட ஒரு தடம் இல்லை. அட்மின் ஜன்னல் பக்கம் நின்று என்ன ஆபீஸ் வேலை பார்த்தான் என்று அப்போது புரிந்தது. மற்றவர்களுக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருப்பான். நான் அன்றைக்கே அதைப் படம் பிடித்து வைத்திருக்கலாம். கூடப்பிறந்தவனின் கட்டைவிரலுக்கு யார் சாட்சி எடுத்து வைப்பார்கள்?

"ஏங்க, வெட்கமா இல்லை? அதை எடுக்கறது எப்படின்னு என்கிட்டயே கேட்கறீங்களே? எதுக்குப் போட்டீங்கன்னு ஒரு நாளாவது உங்களையே கேட்டுக்கிட்டீங்களா?"

"தெரியாமதானே..."

"தொட்டீங்கன்னா பாருங்க. அது அங்கயேதான் நிக்கணும். நீங்க சாகற வரைக்கும் நிக்கணும்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

வியாழக்கிழமை அப்பாவின் கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றோம். டாக்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இது என்ன மாதம், என்ன கிழமை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அப்பா நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். ஓட்டிய பஸ்ஸின் தடம் எண்ணைக்கூடச் சொன்னார். டாக்டர் சிரித்தார்.

"சரி, அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு? சொல்லுங்க பார்ப்போம்."

"கை... தூக்க முடியல. எழுதினேன். பத்துப் பேர்... விரல் காட்டினாங்க. வராங்கன்னு... உட்கார்ந்திருந்தேன்."

டாக்டர் எங்களைப் பார்த்தார். அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"இதைத்தான் டாக்டர் நான் சொன்னேன். அப்படி ஒண்ணுமே நடக்கல. மெசேஜை யாரும் சரியா பார்க்கல, அது உண்மை. ஆனா பத்துப் பேர் எல்லாம் அவருக்காத் தோணுது. இதோ பாருங்க." போனை நீட்டினான். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இவ வீட்டுக்காரரோடது."

பச்சைப் பொய். அதுவும் படுத்துக்கிடக்கிற அப்பாவின் முகத்துக்கு நேராக. அண்ணி சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கச்சி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அப்பா கையை நீட்டி அந்தப் போனை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். வெகுநேரம் தேடினார். அப்புறம் போனை மார்பின் மேல் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"ஒண்ணுதான்... இருக்கு. எனக்குத்தான்... தப்பா தெரிஞ்சிருக்கு போல. சரிப்பா. நீ சொல்ற எடத்துக்கே... போறேன்."

நோய் வந்து படுத்தபோதுகூட அப்பாவின் முகம் அப்படி ஆகவில்லை. தன் கண்ணையே நம்பாமல் போனார், பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்லப்பா!" என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பத்து இருந்துச்சுப்பா. நான் பார்த்தேன். உங்க கையிலேர்ந்து போனை வாங்கிப் பார்த்தவ நான்தானே? இவங்க எல்லாரும் திருட்டுத்தனமா எடுத்துட்டாங்க. எடுத்தா தடம் தெரியாதுன்னு தைரியம்."

"வாய்க்கு வந்ததைப் பேசாத" என்றான் அண்ணன். "என்ன ஆதாரம் வச்சிருக்க? காட்டு பார்ப்போம்."

என்னிடம் என்ன இருக்கிறது காட்ட? அப்போதுதான் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து முன்னால் வந்தார். என் குடும்ப விஷயத்தில் இத்தனை வருஷமாக வாயைத் திறக்காத மனுஷன்.

"மாமா, நான் போடும்போது அதுக்கு முன்னாடியே எல்லார் விரலும் இருந்துச்சு. எல்லாரும் போட்டிருக்காங்களேன்னுதான் நானும் போட்டேன். நான் படிக்கல. என்னோடதையும் எடுக்கத்தான் பார்த்தேன், எனக்கு எடுக்கத் தெரியல."

டாக்டர் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையில் இருந்த காகிதத்தில் ஏதோ எழுதி, எழுந்து நின்றார்.

"இவருக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போகட்டும். துணைக்கு ஆள் மட்டும் ஏற்பாடு பண்ணிடுங்க."

அவர் போனபிறகு அப்பா என் கையைப் பிடித்தார்.

"யார்... யாரும்மா?"

சொன்னேன். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன். அண்ணன், அண்ணி, அவங்க பையன், பொண்ணு. உங்க சின்ன மகள், சின்ன மாப்பிள்ளை. சித்தப்பா, அத்தை, அத்தை பையன். அப்புறம் என் வீட்டுக்காரர். இவரை விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டினார். முடிந்ததும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

"பத்து. அப்ப எனக்கு... கண்ணு சரியாத்தான் இருக்கு." பிறகு கேட்டார்: "எல்லாரும் பார்த்துட்டு... ஏன் யாரும் வரல?"

அண்ணன் போனைப் பையில் வைத்தான். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். அப்பா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் பதில் சொல்வேன் என்று. எத்தனை நாள் இவர்களுக்காக நான் பதில் எழுதியிருப்பேன்?

"அவங்களையே கேளுங்கப்பா" என்றேன். கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுழற்றி அவர் தலைப்பக்கத்தை உயர்த்தினேன், நின்றுகொண்டிருந்த எல்லார் முகமும் அவருக்கு நன்றாகத் தெரியும் வரைக்கும்.